பச்சக்குனு ஒட்டணும் மாப்ளே

என் மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், எங்களுக்கு இல்லை. போன வருஷம் கொலுவில் பேத்தி வைத்த பிளாஸ்டிக் ரயிலைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ரயிலா?" என்று முகத்தைச் சுளித்தவர், இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே தேக்குத் துண்டுகளோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விழுப்புரம் - புதுச்சேரி பாசஞ்சர், மரப் பெட்டி காலத்து வண்டி, மூன்று பெட்டி. அசலில் நாற்பதில் ஒரு பங்கு அளவு. ஏன் நாற்பது என்று கேட்டேன்.

"மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 1000 மில்லிமீட்டர். நாப்பதால வகுத்தா 25. ஸ்கேல் வெச்சு அளக்க சுலபம் மாப்ளே."

புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்தது 1879-ல். அது அகலப் பாதையாகி எவ்வளவோ காலம் ஆகியும், மாமாவுக்கு மீட்டர் கேஜ்தான் ரயில், மற்றதெல்லாம் வாகனம். பக்கத்தில் விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை 2006 கடைசியில் மூடி, கேஜ் மாற்றி, 2010-ல்தான் திறந்தார்கள். அத்தனை காலமும் கடலூர்ப் பக்கம் கல்யாணம் காட்சிக்குப் போனால், "எப்ப சார் ரயில் விடுவீங்க?" என்று இவரைத்தான் பிடித்துக்கொள்வார்களாம், ஏதோ இவர்தான் தண்டவாளத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவைத்த மாதிரி.

பெட்டிகள் அழகாகவே வந்தன. வினை பீடிங்கில் வந்தது. பழைய மர ரயில் பெட்டிகளில் பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க மெல்லிய சட்டம் ஓடும். அதுதான் பீடிங். மாமா அதை 3 மில்லிமீட்டர் அகலத்தில், 1 மில்லிமீட்டர் கனத்தில் சீவி வைத்திருந்தார். பெட்டிக்கு அரக்குச் சிவப்பு எனாமல், பீடிங்குக்கு மஞ்சள். ஒட்டின பிறகு மஞ்சள் அடித்தால் சிவப்பில் வழியும் என்று முன்கூட்டியே தனித்தனியாக அடித்துக் காயவைத்தாயிற்று. இனி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் குடும்பம் உள்ளே நுழைந்தது.

பசை பற்றிக் கருத்து இல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. "மைதா காய்ச்சித் தரட்டுமா? துளி மயில்துத்தம் போட்டா பூச்சி அரிக்காது" என்றார் மாமியார். மகள் தன் பள்ளிக்கூடத்துக் குச்சிப் பசையைத் தியாகம் செய்ய முன்வந்தாள். மாமா இரண்டையும் கண்ணாலேயே நிராகரித்துவிட்டு, ஆசாரிகள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையை எடுத்தார். கவனமாகத் தடவி, பீடிங்கை வைத்து, ரப்பர் பேண்ட் போட்டார். காலையில் ரப்பர் பேண்டை எடுத்ததும் பீடிங்கும் கூடவே எழுந்து வந்தது. பசை மட்டும் பிளாஸ்டிக் தாள் போல முழுசாக உரிந்து, மாமாவின் சுண்டுவிரலில் தொங்கியது.

மச்சான் சன்மைக்கா ஒட்டும் வேலையில் இருப்பவர். ரப்பர் சொலுஷன் டின்னோடு வந்தார். "ரெண்டு பக்கமும் தடவி, காய விட்டு, ஒரே அமுக்கு. யானை இழுத்தாலும் வராது" என்றார். வரவில்லைதான். ஆனால் பீடிங் கோணலாக உட்கார்ந்துவிட்டது. இந்தப் பசை பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், அரை மில்லிமீட்டர் நகர்த்தவும் விடாது. போதாக்குறைக்கு அதில் இருக்கும் கரைப்பான் எனாமலைச் சுருங்கவைத்துவிட்டது. மாமா மச்சானைப் பார்த்த பார்வையில் டின் தானாகவே மூடிக்கொண்டது.

அடுத்தது சூப்பர் குளூ. இந்தச் சாமானை 1942-ல் அமெரிக்காவில், துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது கண்டார்கள். தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுக்கிறது என்று ஓரம்கட்டிவிட்டார்கள். 1958-ல்தான் பசையாக விற்பனைக்கு வந்தது. மாமாவுக்கு அந்தத் தொல்லைதான் வேண்டியிருந்தது. "பச்சக்குனு ஒட்டணும் மாப்ளே. நமக்கு டைம் இல்ல." மகாளய அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்கு மறுநாள் கொலு.

உண்மையில் பச்சக்கென்றுதான் ஒட்டியது. ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் கோடு நூல் பிடித்தது போல் நின்றது. அன்றைக்கு மாமா இரண்டாவது டம்ளர் காபி கேட்டார், அதுவே மகிழ்ச்சியின் அறிகுறி. தூசி படக்கூடாது என்று பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டுப் படுக்கப் போனார். வெளியே நல்ல மழை.

காலையில் டப்பாவைத் தூக்கினால், ஜன்னல் வரிசை முழுக்க வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

"யாரு இங்க கோலமாவ கொட்டினது?"

மகள் ஓடிவந்தாள். ஊதிப் பார்த்தாள். போகவில்லை. விரலால் தடவினாள். போகவில்லை. "தாத்தா, இது கோலமாவு இல்ல. கோலமாவுன்னா போயிடும்" என்றாள். விசாரணை அத்துடன் முடிந்தது.

காரணம் எங்கள் ஊர்க் காற்றுதான். வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்கு நடந்துபோகும் தூரம். கேட்டில் அடித்த பெயிண்ட் வருஷம் தாண்டாது. சூப்பர் குளூ இறுகுவதே காற்றின் ஈரத்தால். ஈரம் கூடினால் வேகமாக இறுகும், அது வசதி. ஆனால் பசையிலிருந்து கிளம்பும் ஆவியும் அதே ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாகச் சுற்றுவட்டாரத்தில் படிந்துவிடும். மாமா டப்பாவைக் கவிழ்த்து அந்த ஆவிக்கு வெளியே போகவும் வழி இல்லாமல் செய்திருந்தார்.

அப்புறம் மாமா என் மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலைத் தேடி எடுத்தார். அதில் இருப்பது அசிட்டோன், சூப்பர் குளூவைக் கரைக்கும் என்று எங்கோ படித்திருக்கிறார். கரைத்தது. கூடவே எனாமலையும் கரைத்தது. பஞ்சு சிவந்தது, பெட்டி வெளுத்தது. என் மனைவி காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு "அப்பா!" என்றாள், ஒரே வார்த்தை. மாமா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுத் தம்பி ஃபைபர் படகு பழுது பார்ப்பவர். ரெசினும் ஹார்டனரும் கலந்து படகின் ஓட்டையையே அடைக்கிறவருக்கு, பீடிங் எம்மாத்திரம்? அரால்டைட் இரண்டு டியூபையும் சமமாகப் பிதுக்கி, குச்சியால் கலக்கி, நிதானமாக ஒட்டிக் கொடுத்தார். இது உடனே இறுகாது, நேராக்க அவகாசம் கிடைக்கும். மறுநாள் கல்லாக நின்றது. நிற்கிறதே என்று விட்டிருக்கலாம். ரயில்வேக்காரருக்குச் சோதனை செய்யாமல் தூக்கம் வராது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். பீடிங் வந்தது. அதன் முதுகில், அரால்டைட்டோடு சேர்ந்து, பெட்டியின் சிவப்பு எனாமலும் நீளமாக உரிந்து வந்தது. அடியில் தேக்கு பளிச்சென்று தெரிந்தது.

கடைசியில் முத்தியால்பேட்டையிலிருந்து ஆசாரி வந்தார். தேக்குத் துண்டு கொடுத்தவரே அவர்தான். முதலில் அவரை ஏன் கேட்கவில்லை என்று கேட்கக்கூடாது. மாமா யாரையும் முதலில் கேட்பதில்லை. ஆசாரி உரிந்த பீடிங்குகளை வெயிலில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு ஒட்டியிருந்த முதுகை மாமாவிடம் காட்டினார்.

"சார், நீங்க கட்டைய கட்டையோட ஒட்டல. பெயிண்ட்ட பெயிண்டோட ஒட்டுறீங்க. பசை பெயிண்ட்ட நல்லாத்தான் புடிச்சிருக்கு. பெயிண்ட் கட்டையப் புடிக்கலையே."

தேக்கில் எண்ணெய் உண்டு. தின்னர் போட்டுத் துடைக்காமல், பிரைமரும் இல்லாமல் எனாமல் அடித்தால் பிடிப்பு அரைகுறைதான். வெள்ளைப் பசையின் கதை வேறு: அதில் இருக்கும் தண்ணீரை மரம் உறிஞ்சினால்தான் அது மரத்துக்குள் இறங்கி இறுகும். இரண்டு பக்கமும் எனாமல் என்றால் தண்ணீர் எங்கே போகும்?

"அந்தக் காலத்துல வஜ்ரம்தான் சார். மாட்டுத்தோலைக் காய்ச்சிச் செய்யிறது. சுடுதண்ணில டப்பாவை வெச்சு உருக்கி..." என்று ஆசாரி ஆரம்பித்ததுமே, கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது: "கொலுவுல வைக்கப்போறோம் ஆசாரி!" வஜ்ரம் அங்கேயே கைவிடப்பட்டது.

அவர் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. பாதி பிளேடை எடுத்து, பீடிங் உட்காரும் இடத்தில் மட்டும், பீடிங்கின் அகலத்தைவிடக் கொஞ்சம் ஒடுக்கமாக, எனாமலைச் சுரண்டினார். பீடிங்கின் முதுகையும் உப்புத்தாளில் தேய்த்து வெறும் மரமாக்கினார். தின்னரில் துடைத்தார். மாமா முதல் நாள் எடுத்த அதே வெள்ளைப் பசையை ஈர்க்குச்சி முனையில் தொட்டுக் கோடாக இழுத்தார். பிதுங்கியதை ஈரத்துணியால் வழித்துவிட்டு, துணி கிளிப் மாட்டினார். ஜன்னலைச் சுற்றி வரும் மெல்லிய சட்டங்களைச் சுரண்டப் பிளேடுக்கு இடம் போதவில்லை. அங்கே பசைக்குப் பதில் வார்னிஷையே ஒரு பொட்டு வைத்து அமுக்கினார். எனாமலோடு ஒத்துப்போகும், வழிந்தாலும் பளபளப்புத்தானே தவிரக் கறை தெரியாது, அந்தச் சின்னச் சட்டத்துக்கு அந்தப் பிடிப்பே தாராளம். படிக்கட்டுக் கம்பிகளுக்கு மட்டும் அரால்டைட். உலோகத்தை மரத்தோடு பிடிக்க அதைவிட நல்லது வேண்டாம்.

மாமா இரண்டு நாள் கழித்து நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. பேனாக்கத்தியை எடுத்தார். மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால், மணல் பரப்பி, மூன்று பெட்டியும் வரிசையாக நின்றன. முதல் நாள் சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்தவர்களில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மாமி ஒருவர். சுண்டலை வாங்கிக்கொண்டு ரயிலையே பார்த்தார். மாமி பீடிங்கின் நேர்த்தியைப் பற்றிச் சொல்வார் என்று மாமா தொண்டையைக் கனைத்துத் தயாரானார்.

"ரொம்ப நல்லாருக்கு அண்ணா. இது ஓடுமா?"

மோட்டார் என்ற ஒன்றை மாமா நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இப்ப ஓடாதும்மா. கேஜ் மாத்துற வேலை நடக்குது."

மாமி புரிந்துகொண்டு தலையாட்டினார். "அப்ப நாலு வருஷம் ஆகும்."