சென்னையில் ஒரு சினிமா கேமரா செய்து விற்பனைக்கு விட்ட அனுபவம்

ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரிலிருந்து படத்தை எடுத்துத் திரையில் காட்டுவது இன்று பெரிய காரியமே இல்லை. ராஸ்பெர்ரி பை 5 என்ற சின்னக் கணினி போர்டு, சோனி ஐஎம்எக்ஸ்585 சென்சார் பொருத்திய மாட்யூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இருந்தால் ஒரே மாலையில் படம் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. அதைப் பார்த்த தைரியத்தில்தான் நானும் நண்பர்களும் சினிமா கேமரா செய்து விற்பது என்று இறங்கினோம். அப்புறம் பட்ட பாட்டை எழுதினால், இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு உதவும்.

இந்தச் சென்சாரின் மூலைவிட்டம் 12.84 மில்லிமீட்டர். பழைய 16 எம்எம் ஃபிலிம் ஃப்ரேமின் மூலைவிட்டமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் அந்தக் காலத்து சி-மவுண்ட் (திருகி மாட்டும் வகை) லென்ஸ்களை ஓரம் இருட்டாகாமல் பயன்படுத்தலாம். சினிமா லென்ஸ் வாங்க வசதியில்லாமல் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கிறவர்களை நினைத்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

4கே, 12 பிட் ரா (சென்சார் தருவதை அப்படியே வைக்கும் பதிவு), நொடிக்கு 24 ஃப்ரேம் என்று கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 300 மெகாபைட் வரும். ஒரு மணி நேரப் பதிவு ஒரு டெராபைட்டைத் தாண்டும். சுருக்கிப் பதியலாமே என்று பலர் கேட்பார்கள். கேமராவுக்குள்ளேயே ராவைச் சுருக்கிப் பதியும் முறைக்கு ரெட் என்ற சினிமா கேமரா நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை வைத்திருந்தது. 2019-ல் ஆப்பிளே அதை எதிர்த்து மனுப் போட்டும் பலிக்கவில்லை. எங்களால் அந்தப் பக்கம் போக முடியுமா? சுருக்காத சினிமா டிஎன்ஜி என்ற ரா கோப்பு வடிவத்திலேயே பதிவது என்று முடிவு செய்தோம்.

பதிவு போய்ச் சேரும் எஸ்எஸ்டி சேமிப்பானின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விலை குறைந்தவற்றில் வேகமாக எழுதும் பகுதி கொஞ்சம்தான் இருக்கும். அது நிரம்பும்வரை பறக்கும், நிரம்பியதும் சட்டென்று படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து ஃப்ரேம்கள் விடுபடும். நல்ல டேக் ஒன்றில் நடுவே நாலு ஃப்ரேம் காணவில்லை என்றால் நடிகரிடம் என்ன சொல்வது? ஒவ்வொரு மாடலையும் முழுக்க நிரப்பி, காலியாக்கி, மறுபடி நிரப்பிப் பார்த்தோம். தேறியவற்றின் பட்டியலைத்தான் வாங்குபவர்களுக்குக் கொடுக்கிறோம்.

சி-மவுண்டில் லென்ஸ் உட்காரும் முகப்புக்கும் சென்சாருக்கும் இடையே 17.526 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அலுமினிய மவுண்டை அச்சு அசலாக அந்த அளவுக்குக் கடைந்து கொடுத்தார்கள். கறுப்பு அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு) செய்ததும் சில மைக்ரான் கூடியது. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி வேறு. கண்ணாடி எவ்வளவு தடிமனோ அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸ் பின்னால் தள்ளிப் போகும். வைட் லென்ஸில் இந்தச் சின்ன வித்தியாசமே போதும், தூரத்துக் கட்டடம் மங்கிவிடும். "தம்பி, எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு அடம் பிடிக்காதீங்க, ஷிம் போட எடம் விடுங்க" என்றார் பட்டறைக்காரர். இன்றும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஷிம் எனப்படும் மெல்லிய பித்தளைத் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துத்தான் ஃபோகஸ் பார்க்கிறோம். கண் வலிக்கும் வேலை. குறுக்கு வழி கிடையாது.

சூடும் படுத்தியது. சென்சார் சூடாக ஆக இருட்டான இடங்களில் புள்ளிகள் கிளம்பும். விசிறி வைத்தால் வசனத்தோடு சேர்ந்து அதன் சத்தமும் பதிவாகும். கடைசியில் சூட்டைச் செப்புக் கட்டை வழியாக வெளி உடலுக்குக் கடத்தி, பதிவு ஓடும்போது விசிறி மெதுவாகச் சுற்றும்படி வைத்தோம். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் தாங்கிய பிறகுதான் நிம்மதி. இன்னொன்று ட்யூப்லைட். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் வழக்கமான 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃப்ரேமின் நேரத்தில் பாதி மட்டும் ஒளி விழுவது) என்றால் 1/48 நொடி, அது மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துப்போகாததால் படம் துடிக்கும். 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50. எங்கள் கேமராவை ஆன் செய்ததும் அதுதான் இருக்கும்.

நான் அதிகம் மெனக்கெட்டது நிறத்துக்காக. நிறச் சோதனைக்கு எல்லோரும் வைக்கும் 24 கட்ட அட்டையில் மனிதத் தோலுக்கு என்று இருப்பவை இரண்டே கட்டங்கள். அதை மட்டும் நம்பி நிறத்தைச் சரிசெய்யும் கணக்கைப் போட்டபோது மாநிறமும் கறுப்பும் செம்மண் பூசியதுபோல வந்தன. அக்கம்பக்கத்தில் பல நிறத்தவர்களை உட்காரவைத்து, உச்சி வெயில், மர நிழல், ட்யூப்லைட் என்று ஒவ்வொரு வெளிச்சத்திலும் எடுத்து, அந்த முகங்களையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தினோம். கறுப்புச் சட்டை பழுப்பாகத் தெரிந்தது வேறு விஷயம். அது அகச்சிவப்புக் கசிவு, வடிகட்டியை மாற்றியதும் சரியானது. நம் முகங்கள் அவற்றின் நிறத்திலேயே தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மாட்டேன்.

விற்பனைக்கு வந்தபோது வேறு மாதிரிக் கவலைகள். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவுக்கு முன் மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பத்து கேமரா செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான், பத்து செய்கிறவன் தலையில் அது பாறாங்கல். முன்பதிவுப் பணம் வாங்கித் தொடங்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். டிஜிட்டல் போலெக்ஸ் என்ற சினிமா கேமராவுக்காக 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் ஒரு லட்சம் டாலர் கேட்டு இரண்டு மடங்குக்கு மேல் திரட்டினார்கள். அருமையான படம் தந்த கேமரா. இருந்தும் 2016-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். செய்து கையில் வைத்துக்கொண்டு விற்போம் என்று நான் நின்றுவிட்டேன்.

சாலிகிராமத்தில் வாடகைக்குக் கேமரா விடும் ஒருவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. நடு ஷூட்டுல நின்னுபோச்சுன்னா யார் வருவா?" அவர் கேட்டது நியாயம். அதனால் சென்னைக்குள் கேமரா வாங்குபவர்களுக்கு மாற்றுக் கேமரா ஒன்று எங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும், கூப்பிட்டால் கொண்டு போய்க் கொடுப்போம்.

முதல் லாட் கைமாறிவிட்டது. ஒலியைத் தனி ரெக்கார்டரில்தான் பதிகிறார்கள், கேமராவில் மைக்கை நேரடியாகச் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பு இன்னும் இல்லை. அதற்கான போர்டு இப்போது மேசையில் இருக்கிறது, இரைச்சல் குறைந்ததும் அடுத்த லாட்டில் சேர்ப்போம்.