படுத்தால் சுற்றும் தலை: எப்லி முறையில் கவனிக்க வேண்டியவை

“புரண்டு படுத்தால் அறையே சுற்றுகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது” என்று வருபவர்களில் பலர் அதற்குள் பிரஷர், பித்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று அலைந்திருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு உட்காதில்தான். அங்குள்ள பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன. படுக்கும்போது அவை நகர்ந்து குழாயின் நீரையும் இழுக்கின்றன. தலை அசையாமல் இருந்தாலும் சுற்றுவதாக அந்தக் காது மூளைக்குச் சொல்கிறது. மறுகாது இல்லை என்கிறது. மாத்திரை மயக்கத்தைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. தலையை வரிசையாகத் திருப்பித் துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றுவதுதான் எப்லி முறை.

எந்தக் காது என்று தெரியாமல் தொடங்கவே கூடாது. கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே 20 டிகிரி சாய்க்கிறோம். கண்ணை மூடவிடக் கூடாது. வலக்காது என்றால் சில விநாடி கழித்து விழி அந்தக் காதுப் பக்கமாகத் திருகி, மேல்நோக்கித் துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஒன்றும் இல்லையென்றால் இடப்பக்கம் பார்க்க வேண்டும். விழி பக்கவாட்டில் மட்டும் துடித்தால் துகள் விழுந்த குழாய் வேறு, அதற்கு இந்த முறை உதவாது.

வலக்காது என்று உறுதியானால், துடிப்பு நின்றபின் அதே நிலையில் இன்னும் 30 விநாடி. பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி, மறுபடி 30 விநாடி. அடுத்து உடம்பை இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி அதே அளவு காத்திருந்து, மோவாயைத் தாழ்த்தியபடி எழுந்து உட்கார வேண்டும். ஜான் எப்லி 1992-இல் வெளியிட்ட முறை இது.

கெடுவது பெரும்பாலும் திருப்பும் இடத்தில்தான். குமட்டலில் தலையைத் தூக்கிவிடுகிறார்கள். துகள் வந்த வழியே திரும்புகிறது. வீட்டில் செய்பவர்கள் தலையணையைத் தலைக்கு வைக்கிறார்கள். அது தோளுக்கு அடியில் இருந்தால்தான் தலை சாயும்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலவீனம், நடக்கவே முடியாமை இருந்தால் இதையெல்லாம் செய்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பக்கவாதமாக இருக்கலாம். கழுத்தில் காயமோ அறுவைசிகிச்சையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம்.

முடிந்ததும் சட்டென்று எழ வேண்டாம், கீழே விழ வாய்ப்புண்டு. ஓரிரு நாள் மிதப்பது போலிருக்கும், அது சகஜம். மாதங்கள் கழித்து மீண்டும் வந்தால் பழைய காதுதான் என்று எண்ணாமல், சோதனையிலிருந்தே தொடங்குங்கள்.