முகப்பில் மலைத்தேனீ இருக்கும்போது

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பராமரிப்பது என் வேலை. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஓடு மாற்றுவதையும் சுண்ணாம்பு பூசுவதையும் கொத்தனார் பார்த்துக்கொள்வார். எனக்குக் கவலை கரையான், முசுறு எறும்பு, மலைத்தேனீ இந்த மூன்றும்தான். மூன்றும் வாசனையால் பேசிக்கொள்பவை. அந்தப் பேச்சு ஓரளவு பிடிபட்ட பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடிந்தது.

பர்மா தேக்குத் தூணைக் கரையான் சுலபமாகத் தொடாது; அந்த மரத்தின் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், உள்ள ரசாயனங்கள் அதற்கு ஆகாது. பின்கட்டில் பிற்பாடு போட்ட மட்டமான சட்டங்களில்தான் மண்பாதை ஏறும். அதைச் சுரண்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உடைத்த இடத்தில் முதலில் காவல் கரையான்கள் வந்து நிற்கும், பின்னாலேயே மற்றவை ஈரமண்ணோடு வந்து அடைத்துவிடும். கண் தெரியாத அந்தப் பூச்சிகளுக்கு வயிற்றடிச் சுரப்பி இழுத்துவிட்ட வாசனைக்கோடுதான் வழி. சில பால்பாயின்ட் மைகளில் உள்ள ஒரு பொருள் அந்த வாசனை போலவே வேலை செய்வதால், காகிதத்தில் போட்ட கோட்டின் மேலேயே கரையான் நடந்து போகும்.

முசுறு தோட்டத்து மாமரத்தோடு சரி. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும், கடிக்கும். நாம் தள்ளி நின்றால் அதுவும் சும்மா இருக்கும்.

மலைத்தேனீ விஷயம் வேறு. முகப்பு வளைவுக்குக் கீழே ஒரே பெரிய அடையாகத் தொங்கும். ஒரு தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அதோடு ஒட்டிய பையிலிருந்து விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும், எச்சரிக்கை வாசனையும் பரவும். அதில் முக்கியமான ஐசோபென்டைல் அசிடேட்டை 1962இல் ஐரோப்பியத் தேனீயிடம் கண்டறிந்தார்கள். வாழைப்பழ வாசனை வரும் பொருள் அது. மலைத்தேனீயிடம் இதோடு சீக்கிரம் ஆவியாகாத இன்னொரு பொருளும் உண்டு. அதனால் கொட்டு வாங்கியவர் மேல் அந்த வாசனை வெகுநேரம் நிற்கும்.

ஒருமுறை சாரத்தில் நின்ற பெயின்டர் தம்பி கொட்டிய தேனீயை அறைந்து நசுக்கினார். “அடிக்காதீங்க தம்பி, இறங்கி உள்ளே வாங்க” என்று கத்தினேன். அவர் வீட்டின் உள்பகுதியான வளவுக்குள் ஓடி வருவதற்குள் இன்னும் நான்கைந்து கொட்டிவிட்டன. கொடுக்குகளை உடனே வழித்து எடுத்தோம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்றச் சொன்னேன். நல்லவேளை, அவருக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறுகிறேன் என்றார், நான் விடவில்லை. அன்று அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

புகை போட்டால் தேனீக்கள் அடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. அவற்றின் உணர்கொம்புக்கு எச்சரிக்கை வாசனை சரியாக எட்டாமல் போய்விடுகிறது. ஆனால் ராத்திரியில் தீப்பந்தம் காட்டி அடையையே எரிக்கச் சொல்கிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. பருவம் முடிந்தால் தானாகக் கிளம்பிப் போகிற பூச்சி அது. எரித்தாலும் அடுத்த ஆண்டு வேறு கூட்டம் அதே வளைவுக்கு வரலாம்.

அதனால் உரிமையாளர்களிடம் இப்போது முன்கூட்டியே பேசிவிடுகிறேன்: தேனீ இருக்கும் மாதங்களில் பின்கட்டு வேலை, அடை காலியான பிறகு முகப்பு வேலை. சில ஆச்சிமார்கள் உடனே சரி என்பார்கள். சிலரிடம் இரண்டு மூன்று தடவை போன் பேச வேண்டியிருக்கிறது.