மண்டியிட்டுச் சொன்ன மறுப்பு

1642 ஜனவரி 4. ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னர் முதலாம் சார்லஸ் இங்கிலாந்து மக்களவைக்குள்ளேயே நுழைந்துவிட்டார். வாசலில் ஆயுதம் தாங்கிய வீரர்கள். அவர்கள் உள்ளே தெரியும்படி கதவு திறந்தே இருந்தது. ஐவரும் முன்பே படகேறித் தப்பியிருந்தார்கள்.

"எங்கே அவர்கள்?"

சபாநாயகர் வில்லியம் லென்தால் மண்டியிட்டார். ஆனால், இந்த அவை பணித்தாலன்றி இங்கே தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். முழங்காலிட்ட மனிதரின் வாயிலிருந்து வந்த சொல்! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பிறகு மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே உள்நாட்டுப் போர். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் மன்னர் வரி வசூலித்ததும் அந்தப் பகைக்கு ஒரு காரணம். 1649இல் மன்னரின் தலை விழுந்தது. நாடாளுமன்ற ஒப்புதலின்றி வரி கூடாது என்று உரிமைச் சட்டம் உறுதிசெய்தது 1689இல்தான்.

இன்றும் கூட்டத்தொடரைத் தொடங்கிவைக்கும் நாளில், அரசரின் தூதர் நெருங்கும்போது மக்களவைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அவர் மூன்று முறை தட்ட வேண்டும்.