வாங்க மறுத்த வயலட்

பதின்ம வயதினருக்காக எழுதப்படும் இருண்ட எதிர்காலக் கதைகள் பலவற்றில் ஒரு கொடுங்கோல் அரசு இருக்கும். அதைக் கவிழ்க்க ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ புறப்படுவார்கள். எம். டி. ஆண்டர்சனின் 'ஃபீட்' என்ற அமெரிக்க நாவலை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதற்குக் காரணம், அதில் கவிழ்ப்பதற்கென்று ஓர் அரியணையே இல்லை என்பதுதான். அங்கே மனிதர்களை ஆள்வது மூளைக்குள் பொருத்தப்பட்ட ஓர் இணைய இணைப்பு. அது மிரட்டுவதில்லை, ஆசை முளைக்கும் முன்பே பொருளைக் காட்டி, உற்ற நண்பனைப் போலப் பரிந்துரைக்கிறது. ஐபோன் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2002-இல், இந்த நாவல் வெளிவந்துவிட்டது.

கதை சொல்பவன் டைட்டஸ். அவன் விரும்பும் வயலட்டுக்கு மற்றவர்களைப் போலக் கைக்குழந்தையாக இருக்கும்போதே அந்த இணைப்பு பொருத்தப்படவில்லை. தன்னை யாரும் கணித்துவிடக் கூடாது என்று முடிவு செய்யும் அவள், ஒன்றுக்கொன்று சற்றும் தொடர்பில்லாத பொருட்களைத் தேடித் தேடி விசாரித்துவிட்டு, எதையும் வாங்காமல் திரும்புகிறாள். படிக்கும்போது நமக்கும் அது குதூகலமான விளையாட்டாகத்தான் தோன்றுகிறது. பிறகு அவளுடைய இணைப்பு பழுதாகி, கைகால்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கும்போது, பழுதுபார்க்கப் பணம் போட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அவள் எப்படிப்பட்ட வாடிக்கையாளர் என்பதே தெளிவாக இல்லையாம். அந்த மறுப்பு, வாடிக்கையாளர் சேவைக்கே உரிய இனிய குரலில் வருகிறது. நான் படித்த எந்தச் சித்திரவதைக் காட்சியும் அந்தக் கனிவான குரல் அளவுக்கு என்னை நடுங்க வைத்ததில்லை.

இந்த நாவலில் எல்லோருடைய தோலிலும் புண்கள் தோன்றுகின்றன. ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. புண்ணே நாகரிகமாகிவிட, தோழி ஒருத்தி செயற்கையாகப் புண்களை உண்டாக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். மொழியும் இப்படித்தான் அரிக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களும் பிள்ளைகளின் கொச்சையிலேயே பேசுகிறார்கள். டைட்டஸுக்குத் துக்கம் வரும்போது அதைச் சொல்ல அவனிடம் சொற்கள் இல்லை. இளைய வாசகர்கள் சிலர் அந்த நடையைப் பொறுக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அவர்கள் இன்னும் சில பக்கங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், ஏனெனில் அந்த வறட்சிதான் கதையின் உயிர்.

வயலட்டின் நிலையை நேரில் கண்டு வீடு திரும்பும் டைட்டஸ் அழுது புலம்புவதில்லை. தனியே உட்கார்ந்து, ஒரே மாதிரியான கால்சட்டையைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கிறான், கணக்கிலுள்ள பணமெல்லாம் தீரும்வரை.