விதையிலிருந்து வந்த துண்டு இலை குரோட்டன்ஸ்

குரோட்டன்ஸ் என்றால் பதியன் போடுவதுதான் (கிளையிலேயே வேர் இறக்கிக் கன்று எடுப்பது) வழக்கம், அதில் வருவது தாய்ச்செடியின் அச்சு அசல். புது இலை வேண்டுமென்றால் மகரந்தம் சேர்த்து விதை எடுக்க வேண்டும். உச்சிப்புளியில் வீட்டுத் திண்ணையிலேயே இதைச் செய்து ஒரு செடி தேறிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என்னை இழுத்தது துண்டு இலை. இலை பாதியில் முடிந்துபோய், நடு நரம்பு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி வெறுமனே நீண்டு, அதன் நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்கும். காற்றடித்தால் அது தனியாக ஆடும். ஆனால் என்னிடம் இருந்த செடி மங்கலான நிறம். கோல்டு டஸ்ட் என்கிற ரகமோ பச்சையில் மஞ்சள் பொட்டுப் பொட்டாகப் பளிச்சென்று இருக்கும், நன்றாகவும் பூக்கும். இந்த இரண்டும் ஒன்றில் சேர வேண்டும் என்று ஆசை.

குரோட்டன்ஸில் ஆண் பூச்சரம் தனி, பெண் பூச்சரம் தனி, ஒரே செடியில் இரண்டும் வரும். ஆண் பூ வெள்ளையாகக் குஞ்சம் கட்டியிருக்கும். பெண் பூவுக்கு இதழே கிடையாது, மிளகுக்கும் சின்னதாக ஒரு பச்சை மணி, அதன் தலையில் வளைந்த மூன்று முனைகள், அவ்வளவுதான், பலர் அதைப் பூ என்றே எண்ண மாட்டார்கள். கோல்டு டஸ்ட்டைத் தாயாக வைத்து, அதன் ஆண் சரங்களை மொட்டிலேயே கிள்ளிவிட்டு, பெண் சரத்துக்குக் கொசுவலைத் துணியில் பை கட்டினேன். முனைகள் விரிந்ததும் காலையில் துண்டு இலைச் செடியின் ஆண் பூவைப் பறித்து மெதுவாகத் தடவி, மறுபடி பையைக் கட்டி, தேதி எழுதிய சீட்டைத் தொங்கவிட்டேன். காய் முற்றும் வரை பையைக் கழற்றவே கூடாது, ஏனென்றால் ஆமணக்கு வகையறாதானே இது, வெடித்து விதையைத் தூக்கி எறிந்துவிடும். காய்க்கு மூன்று விதை.

விதையைக் காயவைத்து எடுத்து வைக்காமல் உடனே போட்டுவிட வேண்டும். தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்து போட்டேன். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உப்பு, நாற்றுக்கு ஊற்றினால் இலை ஓரம் கருகும், அதனால் ஐப்பசி மழையில் பிடித்து வைத்த தண்ணீர்தான்.

அப்புறம் காத்திருப்பு. முதல் இலைகள் எல்லாம் வெறும் பச்சை. நிறமும் வடிவமும் போகப் போகத்தான் தெரியும், அதுவும் வெளிச்சம் கிடைத்தால்தான். பெரும்பாலானவை தாய் மாதிரியோ, எதிலும் சேராத சாதாரண இலையாகவோ வந்தன, அவை அக்கம்பக்கத்து வீட்டு வேலியோரம் போய்விட்டன. கழிப்பதில் மனம் இரங்கக் கூடாது, இருக்கிற இடமும் மழைத் தண்ணீரும் கொஞ்சம். ஒன்றில் மட்டும் இலை துண்டாகி, தொங்கும் நுனி இலையிலும் மஞ்சள் பொட்டு விழுந்தது.

ஆனால் ஒரு செடி அழகாக இருந்தால் அது ரகம் ஆகிவிடாது. பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2001 புது ரகத்திடம் தனித்தன்மை (மற்ற ரகங்களிலிருந்து வேறுபடுவது), சீர்மை (கன்றெல்லாம் ஒன்றுபோல் இருப்பது), நிலைத்தன்மை (திரும்பத் திரும்பப் பெருக்கினாலும் மாறாதது) மூன்றையும் கேட்கிறது. நான் பதிவுக்குப் போகவில்லை, ஆனாலும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். கிளையில் ஒரு அங்குலம் பட்டையை வளையமாகச் சீவி, வடியும் பாலைத் துடைத்து (துணியில் பட்டால் கறை போகாது), ஈர நாரை வைத்து பிளாஸ்டிக்கால் கட்டினால் வேர் இறங்கிவிடும். அப்படி எடுத்த கன்றுகளிலிருந்து மறுபடி பதியன், அதிலிருந்து இன்னொரு தடவை. ஒரு கன்று கீழக்கரையில் அக்கா வீட்டு ஜன்னலோரம், ஒன்று எங்கள் கூடத்தில், ஒன்று கச்சான் காற்று நேராக அடிக்கும் திண்ணையில். கூடத்தில் பொட்டு மங்கியது, ஜன்னலோரத்துக்கு மாற்றியதும் புது இலைகளில் திரும்பி வந்தது. திண்ணையில் சிலந்திப்பேன் வந்தது, இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவிக் கழுவி விரட்டினேன். இலை துண்டாவது மட்டும் மூன்று இடத்திலும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் அதைப் புது ரகம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இப்போது இதன் மகரந்தத்தைச் சிவப்பு நரம்புள்ள பெட்ரா என்கிற ரகத்தின் பெண் பூவில் வைத்திருக்கிறேன், காய் பிடித்திருக்கிறது. மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் யார் வீட்டிலாவது வேறு நிறத்தில் துண்டு இலை குரோட்டன்ஸ் இருந்தால் சொல்லுங்கள். பதியன் வேண்டாம், ஒரு ஆண் பூச்சரம் போதும், காலையிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன்.