‘எல்லாருக்கும் சரிதானே?’ என்று கேட்காதீர்கள்

கூட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வருகிற கேள்வி இது. ஒருவர் நோட்டை மூடியிருப்பார், இன்னொருவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருப்பார். ‘அப்போ எல்லாருக்கும் சரிதானே?’ என்பார் நடத்துபவர். இரண்டு தலைகள் ஆடும். ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று மினிட்ஸில் ஏறிவிடும். அசல் கூட்டம் அதற்கப்புறம் வாசலில் நடக்கும்: ‘எனக்கு அப்பவே தோணுச்சு, இது ஓடாதுன்னு.’

‘ஆமாம்’ என்பதற்கு ஒரு தலையசைப்பு போதும். ‘இல்லை’ என்பவரோ எழுந்தவர்களையெல்லாம் மறுபடி உட்காரவைக்க வேண்டும். அந்தப் பொல்லாப்பு யாருக்கு வேண்டும்? எனவே கேள்வியை மாற்றுங்கள்: ‘இதை இப்படியே செய்தால் எங்கே இடிக்கும்?’ எங்கோ இடிக்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டு கேட்பதால், பதில் சொல்பவர் முட்டுக்கட்டை போடுகிற ஆளாகத் தெரியமாட்டார். ஒரு மணி நேரக் கூட்டமென்றால் முப்பத்தைந்தாவது நிமிடத்துக்குள் இதைக் கேட்டுவிட வேண்டும். வருகிற பதிலை வைத்து வேலை செய்ய நேரம் வேண்டுமே.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாகக் கூட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்கள் கூட்டத்துக்கு மூன்று போதாது என்பது என் கணக்கு. மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். ஆறில் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். எட்டில் யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். அதற்குள் நீங்கள் பேசிவிட்டால் அந்தக் கனைப்பு கனைப்போடு போய்விடும்.

யார் முதலில் பேசுகிறார் என்பது இன்னொரு கண்ணி. 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு சோதனை நடத்தினார். அறையில் ஒருவரைத் தவிர எல்லாரும் ஏற்கெனவே சொல்லிவைக்கப்பட்டவர்கள். அவர்கள் வரிசையாகத் தவறான விடையைச் சொல்ல, கண்ணெதிரே தெரிவதை விட்டுவிட்டுப் பலர் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கூட இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், இந்தப் போக்கு வெகுவாகக் குறைந்தது. கோட்டின் நீளத்துக்கே இப்படியென்றால், மூத்த உறுப்பினர் ‘எனக்கு இது நல்லதாத்தான் படுது’ என்று ஆரம்பித்துவைத்த பிறகு மற்றவர்கள் வாயிலிருந்து வேறென்ன வரும்?

ஆகவே பேசும் முன் எழுதச் சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டுத்தாள், மூன்று நிமிடம். முன்மொழிவைப் பலகையில் ஒரே வாக்கியத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி எழுதிவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டுப் பேர் எட்டு வெவ்வேறு முன்மொழிவுகளுக்குப் பதில் எழுதுவார்கள். பிறகு வட்டமாக ஆளுக்கு இரண்டு நிமிடம், எழுதியதைப் படிக்க வேண்டும். எட்டுப் பேருக்குப் பதினாறு நிமிடம். அந்தச் சுற்று முடியும்வரை யாரும் யாருக்கும் பதில் சொல்லக் கூடாது, நீங்களும்தான். நேரம் பார்க்கும் வேலையைக் குறிப்பெடுப்பவரிடம் விட்டுவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காது கொடுக்க முடியாது. உங்கள் கருத்து கடைசி. பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் சுற்று இழுத்துக்கொண்டே போகும். நான்கு நான்கு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மறுப்பும் ஒரு திருத்தமும் கொண்டுவரச் சொல்லலாம்.

இனி, காது கொடுப்பது. ஒரு குழு தான் நடத்தும் சிறு நூலகத்தை இரவு ஒன்பது வரை திறந்துவைக்கலாமா என்று பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சொல்கிறார்: ‘அதெல்லாம் சரிவராதுங்க.’ அனுபவமில்லாத நடத்துபவர் ‘ஏன் வராது? போன வருஷம் எத்தனை பேர் கேட்டாங்க!’ என்று வாதாட இறங்கிவிடுவார். அதைவிட ஆபத்தானவர் ‘ஐயா கொஞ்சம் தயங்குகிறார்’ என்று மழுப்பி எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நடக்க வேண்டிய பேச்சு இப்படி:

‘எதைச் சரிவராதுங்கறீங்க? ஒன்பது மணிங்கறதையா, தினமும்ங்கறதையா?’

‘ஒன்பதுக்குப் பூட்டுறவங்க தனியா நிப்பாங்க.’

‘நேரத்தை நீட்டுறது பிரச்சினை இல்லை, பூட்டும்போது ஒருத்தர் தனியா இருக்கறதுதான் பிரச்சினை. நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?’

‘பாதி சரி. சாவியும் ஒண்ணுதான் இருக்கு. அவங்க வரலைன்னா மறுநாள் திறக்கவே முடியாது.’

அந்தப் ‘பாதி சரி’க்காகத்தான் திருப்பிச் சொல்கிறோம். முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் சாவி விஷயம் வெளியே வந்திருக்காது. திருப்பிச் சொல்லும்போது அவர் பயன்படுத்திய சொல்லையே பயன்படுத்துங்கள். ‘பயமா இருக்கு’ என்றவரிடம் ‘உங்கள் கவலை’ என்று சொல்லாதீர்கள்; ஒரு படி குறைத்துவிட்டீர்கள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். ‘ஆனால்’ என்ற சொல்லையும் தள்ளிவையுங்கள். ‘நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால்...’ என்றால் புரியவில்லை என்றே பொருள். இப்போது முன்மொழிவு மாறும்: வாரத்தில் மூன்று நாள், பூட்டும்போது இரண்டு பேர், சாவி இரண்டு, மூன்று மாதம் நடத்திப் பார்ப்பது. பலகையில் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். தன் மறுப்பு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டதைச் சொன்னவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒருமித்த கருத்து என்றால் எல்லாருக்கும் பிடித்த முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் மனநிலையை அறிய, வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்வார்கள். அவர்களுடைய 2014ஆம் ஆண்டு ஆவணமான ஆர்.எஃப்.சி. 7282 இதை நன்றாக விளக்குகிறது. நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்க்கும்போதும் அவர்கள் சொல்லும் ‘ஏறத்தாழ ஒருமித்த கருத்து’ ஏற்படாமல் இருக்கலாம். ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்க்கும்போதும் ஏற்பட்டிருக்கலாம். அங்கே தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு ஆட்சேபணையையும் உண்மையாக எடுத்து ஆராய்ந்தார்களா என்றுதான் பார்க்கிறார்கள். ஆராய்ந்த பிறகு ஏற்காமல் விடலாம். ஆராயாமல் விடக் கூடாது.

இதற்கு மறுபக்கம் உண்டு. 1652இல் போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினரின் மறுப்பு கூட்டத்தொடரையே முடக்கியது. அது உரிமையாகவே நிலைத்து, பின்னாளில் கூட்டத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. 1791ஆம் ஆண்டு அரசியலமைப்புதான் அதை ஒழித்தது. காரணம் சொல்லத் தேவையில்லாத தடை அதிகாரம் கடைசியில் விலைபேசத்தான் பயன்படும். அதனால் முதல் கூட்டத்திலேயே இரண்டு விதிகளை எழுதிவையுங்கள். தடுப்பவர் தன் விருப்பத்தைக் காரணமாகச் சொன்னால் போதாது, குழுவுக்கு என்ன கெடுதல் என்று சொல்ல வேண்டும். இரண்டு கூட்டங்களில் பேசியும் முடியாவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்கில் முடிவு. இந்த விதியைச் சண்டை நடக்கும்போது கொண்டுவந்தால் அது விதியாகத் தெரியாது, சதியாகத் தெரியும்.

நிலவரம் அறிய விரல்கள் போதும். மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கை காட்ட வேண்டும். ஐந்து விரல் என்றால் முன்னின்று செய்வேன், நான்கு நல்ல முடிவு, மூன்று ஏற்றுக்கொள்கிறேன், இரண்டு திருத்தம் வேண்டும், ஒன்று பெரிய சிக்கல் இருக்கிறது, மூடிய கை தடை. இரண்டும் அதற்குக் கீழும் காட்டியவர்களிடம் ‘இது மூன்றாக என்ன மாற வேண்டும்?’ என்று கேளுங்கள். எல்லாரும் மூன்று காட்டினால் பலர் நிம்மதியடைகிறார்கள். நான் பயப்படுவேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் செய்யப்போவதும் இல்லை. ஐந்து காட்டியவர் குறைந்தது இருவராவது இல்லாத முடிவைத் தள்ளிப்போடுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் இத்தனை பாடு வேண்டாம். நாற்காலியை எங்கே போடுவது என்பதை ஒருவர் முடிவு செய்யட்டும். சுலபமாக மாற்றிக்கொள்ளக்கூடிய எதற்கும் வட்டம் கூட்ட வேண்டியதில்லை. கூட்டினால், பெரிய விஷயம் வரும் நாளில் ஆட்கள் களைத்திருப்பார்கள்.

தீர்மானத்தை எழுதுவதில் குவேக்கர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய இந்தச் சமயக் குழுவினர் நிர்வாகக் கூட்டங்களிலும் வாக்கெடுப்பதில்லை. கூட்டத்தை நடத்தும் எழுத்தர், மனநிலையை உணர்ந்து தீர்மானத்தை அங்கேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, வாசகத்துக்குச் சம்மதம் பெறுவார். வீட்டுக்குப் போய் எழுதி இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் மினிட்ஸில்தான் ‘நாம இப்படியா சொன்னோம்?’ என்ற தகராறு பிறக்கிறது. என்ன செய்வது, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எப்போது மறுபடி பார்ப்பது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஐந்தாவதாக, ஏற்கப்படாத மறுப்பு ஏதாவது இருந்தால் அது சொன்னவரின் வார்த்தையிலேயே. மூன்று மாதம் கழித்து நூலக விஷயத்தைப் பார்க்க உட்காரும்போது முதலில் படிக்க வேண்டியது அந்த ஐந்தாவது வரி.